ஐஸ்பெட்டியில் மீனுக்கு இடமில்லை

அக்கரைப்பற்று பஸ்ஸில் எனக்கு முன் ஆசனத்தில் இரண்டு மச்சிமார் இருந்தார்கள். இளையவளின் கணவர் கொழும்பிலிருந்து மண்ணெண்ணெயில் ஓடும் ஐஸ்பெட்டி ஒன்றைக் கொண்டு வந்திருந்தார்.

“தண்ணி வைப்பன், தயிர் வைப்பன். மீன் மட்டும் வைக்கமாட்டன்,” என்றாள் அவள்.

“கடக்கரைக்காரிக்கு மீன் வைக்காத பெட்டி என்னத்துக்குகா?”

“அவரும் அதத்தான் சொல்றாரு. என்ட வாப்பா ஒவ்வொரு நாளும் வராம, இனிக் கிழமைக்கு ஒருக்கா மீன் கொண்டு வந்தாக் காணுமாம்.”

“நல்லந்தானே. வாப்பாக்கும் நடை மிச்சம்.”

“உம்மா மௌத்தானதுக்குப் பொறகு, வீட்ட எனக்குத் தந்துட்டு கடக்கர வாடிக் குடிசையில தனியக் கிடக்காரு, மச்சி. மீனச் சாட்டா வெச்சித்தான் ஒவ்வொரு நாளும் வந்து என்ட கையால தேத்தண்ணி குடிக்காரு.”

மூத்தவள் அவள் பக்கம் திரும்பினாள்.

“அப்ப உன்ட மாப்பிள்ளைக்கு என்ன சொன்னாய்?”

“‘பெட்டி உங்கட, வீடு என்ட’ எண்டு சொல்லிட்டன். நாளைக்கும் மீன் வரும்.”