ஸ்மரண்டா விளாய்கு விட்டுக்கொடுக்காத எண்ணிக்கை

மேடையில் அமர்ந்திருக்கும் நிறுவனத் தலைவர் அவர்களே, அவசர அழைப்பு மையத்திலிருந்து பணிக்கு நடுவே வந்திருப்பவர்களே, முன்வரிசையில் இருக்கும் ஸ்மரண்டாவின் கணவர் பொம்பிலியு அவர்களே, திமிஷோரா நகர நண்பர்களே!

நம் தலைமைப் பொறியாளர் ஸ்மரண்டா விளாய்கு இறந்துவிட்டார். காலையிலிருந்து இதைச் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன். அழுகை வரவில்லை. அவருக்கு அடுத்த மேசைக்காரன் என்பதால் என்னைப் பேசச் சொன்னார்கள்.

அவர் என்ன செய்தார்? இந்த மாவட்டத்தின் ஆம்புலன்ஸ்களை அனுப்பும் மென்பொருளைக் கட்டிக்காத்தார். ஒரு வண்டியின் தகவல் கணினி நினைவகத்தில் ஒரே இடத்தில்தான் இருக்கும். வரைபடம் அதைப் பார்க்கும், அழைப்பு எடுப்பவரின் திரை பார்க்கும், இன்னும் பல வேலைகள் ஒரே நேரத்தில் பார்க்கும். அதை எத்தனை வேலைகள் பிடித்திருக்கின்றன என்று, அந்த இடத்தைக் காட்டும் நிரல் சுட்டிகளே எண்ணிக்கொள்ளும். கடைசி வேலை விட்டதும் தகவல் அழியும். எண்ணிக்கை பிசகினால்? ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வண்டி மறைந்துவிடும்!

புயலடித்த ஒரு கோடையில் திரைகள் உறைந்தன. அழைப்புகள் குவிந்தன, ஒரு சமயத்தில் ஒரு வேலைதான் எண்ணிக்கையை மாற்றலாம் என்ற பாதுகாப்பு இருந்ததால் எல்லா வேலைகளும் அந்த ஒரே எண்ணை மாற்ற ஒன்றன்பின் ஒன்றாகக் காத்து நின்றன. நம் மேலாளர் ஹோரியா பொறுமையிழந்தார்.

"அந்தப் பாதுகாப்பை எடுத்துடு ஸ்மரண்டா. சாதாரணமா எண்ணட்டும், பறக்கும்."

"ரெண்டு பேர் ஒரே சமயத்துல கூட்டினா ஒண்ணு தொலைஞ்சுடும். முடியாது."

"உனக்கு எல்லாத்துக்கும் முடியாதுதான்!"

ஸ்மரண்டா சண்டை போடவில்லை. ஹோரியா கேட்டபடியே சோதனைக் கணினியில் ஓட விட்டார். பொய் அழைப்புகளை மழையாகக் கொட்டினார். நாங்கள் காபியோடு சுற்றி நின்றோம். மதியத்துக்குள் ஒரு வண்டி வரைபடத்தில் இல்லை.

"அந்த லுகோஜ் ஊர் வண்டி எங்க?" என்றார் ஹோரியா.

"நோயாளியோட சேர்ந்து எங்கயோ போயிருக்கு. நீயே தேடிக்கோ."

பிறகு ஸ்மரண்டா நிரல் முழுவதையும் வரிவரியாகப் படித்தார். ஒரு வேலை தகவலை ஏற்கெனவே பிடித்திருக்கும்போது, அதற்குள் நடக்கும் சிறு வேலைகளுக்காகப் புதிதாக எண்ணுவதை நிறுத்தினார். பார்த்துவிட்டுப் போனால் போதும். வேறொரு வேலையின் கைக்கு மாறும்போது மட்டும் எண்ணினார், பாதுகாப்போடு. அடுத்த புயலில் திரைகள் நிற்கவில்லை. பாராட்ட வந்தவர்களிடம், "சும்மா எண்ணிட்டிருந்ததை நிறுத்தினேன், அவ்வளவுதான்" என்றார்.

சென்ற வியாழக்கிழமை அவர் டிராம் நிறுத்தத்தில் சரிந்து விழுந்தார். அந்த அழைப்பை எடுத்தவர் இங்கே அமர்ந்திருக்கும் லவீனியா. "பக்கத்து வண்டி உடனே திரையில வந்துச்சு, உடனே அனுப்பிட்டேன். விழுந்தது யாருன்னே தெரியாதுங்க" என்றார் என்னிடம். வண்டி நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. எல்லாம் சரியாகவே நடந்தது. எல்லாம் சரியாக நடந்தும் அவர் பிழைக்கவில்லை! இதை என்னவென்று எடுத்துக்கொள்வது? பொம்பிலியு, உங்களுக்குச் சொல்ல என்னிடம் ஆறுதல் எதுவும் இல்லை.

மென்பொருளில் தீயணைப்பு வண்டிகளுக்காக அவர் எழுதிவந்த பகுதி பாதியில் நிற்கிறது. திங்கட்கிழமை நானும் ஹோரியாவும் அதைக் கையில் எடுக்கிறோம். சீக்கிரம் முடியுங்கள் என்று மேலிடம் நெருக்கும். "இந்தத் தடவை முடியாதுன்னு நான் சொல்றேன்" என்று நேற்று கல்லறையில் ஹோரியா சொன்னார். நானும் சொல்வேன். இதுவே எங்கள் உறுதிமொழி.

இறந்தோருக்கு நாம் எப்போதும் சொல்வதையே சொல்கிறேன்: இறைவன் அவரை மன்னிக்கட்டும். அவர் நினைவாகப் பகிர வைத்த இனிப்புக் கோதுமை மேசையில் இருக்கிறது. மையத்திலிருந்து வந்தவர்கள் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பணிக்குத் திரும்ப வேண்டும்.