நோட்டில் இருப்பவர்

வீண்செலவு எனக்குப் பிடிக்காது. பேரீச்சம்பழம் தின்றால் கொட்டையை ஆட்டுக்குப் போடுவேன். விசாரிக்க வந்த உங்களுக்கு வைத்த கஹ்வா காப்பி ஆறிப்போகிறதே என்று நானே எடுத்துக் குடித்துவிட்டேன், தப்பாக நினைக்காதீர்கள் கேப்டன்.

சுல்தான் பகீத் எப்படி இறந்தார் என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன். முந்தின சுல்தானிலிருந்து தொடங்கினால்தான் விளங்கும்.

நம் ஸுஹைரா நாட்டின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். சுல்தான் கண்ணை மூடினால் அவர் முகம் போட்ட நோட்டும் கண்ணை மூடிவிடும். பெரிய சுல்தான் போனதும் அரிசி வியாபாரிகள் கடையைச் சாத்திவிட்டார்கள். புது நோட்டு உடனே வேண்டும். பட்டத்துக்கு உரிய மகனோ சின்ன வயதிலேயே கெய்ரோவுக்குப் படிக்கப் போனவர். கஜானா செயலரான என்னிடம் அவருடைய படம்கூட இல்லை. அச்சடிக்கும் ஊருக்குப் போகிற கப்பல் துறைமுகத்தில் ஊதிக்கொண்டிருந்தது.

அரண்மனையில் கஹ்வா ஊற்றுகிற பகீத் என் தங்கை புருஷன். எடுப்பான மூக்கு, மரியாதையான தாடி. அவனுக்குப் பட்டுத் தலைப்பாகை கட்டிப் படம் எடுக்க உட்காரவைத்தேன்.

"மச்சான், மாட்டிக்கிட்டா என் கழுத்துல்ல போவும்?"

"நோட்டுல மூஞ்சிய எவன் பாக்குறான் மாப்பிள்ள? நம்பரத்தான் பாப்பான். ஆடாம உக்காரு."

அங்கேதான் என் கணிப்பு தப்பியது. ஜனங்கள் பார்த்தார்கள். லட்சணமான சுல்தான் கிடைத்துவிட்டார் என்று பூரித்துப்போனார்கள். நாவிதர்கள் அதே மாதிரி தாடி வெட்ட ஆரம்பித்தார்கள்.

பிறகு நிஜமான சுல்தான் கப்பலில் வந்து இறங்கினார். சப்பை மூக்கு, மூக்குக்கண்ணாடி, மழித்த கன்னம். தனியாகக் கடைத்தெருவுக்குப் போய் அல்வாக்காரி ஸுவைனாவிடம், தான் சுல்தான், ஒரு தட்டு கொடு என்று கேட்டிருக்கிறார். அவள் ஒரு நோட்டை எடுத்து அவர் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தாள்.

"நீ சுல்தான்னா நான் பல்கீஸ் ராணி! மூக்க எங்கடா அடகு வச்சே?"

தெருவே சிரித்தது. அவர் கொதித்துப்போய் என்னிடம் வந்தார். நோட்டையெல்லாம் எரி, என் முகத்தைப் போட்டு மறுபடி அடி என்றார். அது பேரீச்சை வருமானம் முழுவதையும் விழுங்கிவிடும் செலவு.

முகமும் நோட்டும் பொருந்தவில்லை என்றால் இரண்டில் ஒன்றை மாற்றித்தான் ஆகவேண்டும். நோட்டு மூட்டை மூட்டையாகக் கிடந்தது. சுல்தான் ஒருவர்தான். சிக்கனம் தெரிந்தவன் எதை மாற்றுவான், நீங்களே சொல்லுங்கள்.

யாரோ ஒரு பைத்தியம் தன்னைச் சுல்தான் என்கிறது என்று காவலர்களிடம் சொன்னேன். பிடித்துக்கொண்டுபோய் நிறுத்தினார்கள். விசாரித்த காஜியார் மடியிலிருந்து நோட்டை எடுத்து அவரையும் அதையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு என்னைக் கேட்டார். இவரை எனக்குத் தெரியாது என்றேன். முந்தின நாள் வரைக்கும் அது உண்மைதானே. வாள்காரனுக்குப் புது நோட்டில்தான் கூலி கொடுத்தேன். நோட்டில் இருந்த முகத்துக்கு மரியாதையாக, கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினான்.

நோட்டில் இருந்தவரையே அரியணையில் உட்காரவைத்தேன். பகீத் நல்ல சுல்தானாகத்தான் இருந்தார். சபைக்கு வருகிறவர்களுக்குத் தானே எழுந்து கஹ்வா ஊற்றுவார். என் தங்கை அரசியானாள். அதற்காக நான் எதையும் செய்யவில்லை. எப்படியும் அரண்மனைக்கு ஒருத்தி வேண்டும், வேறு பெண் தேடினால் கல்யாணச் செலவு.

அவரைக் கெடுத்தது அல்வா. தாடைக்குக் கீழே இன்னொரு தாடை வந்தது. மூக்கு கன்னத்துக்குள் போய்விட்டது. பிள்ளைகள் நோட்டைப் பார்த்து, "இவரு யாரு?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். போன வாரம் என்னைக் கூப்பிட்டார்.

"மச்சான், இதுல இருக்கறது நான் மாதிரியே இல்ல. புதுசா அடிச்சிரலாமா?"

"நோட்டு நல்லாத்தானே இருக்கு மாப்பிள்ள. நீங்க கொஞ்சம் எளைக்கப் பாருங்களேன்."

சிரித்துக்கொண்டே அடுத்த துண்டை எடுத்து வாயில் போட்டார். சொல்லித் திருத்தப் பார்த்தேன், திருந்தவில்லை. நேற்று நான் கொண்டுபோன அல்வாவில்தான் கலந்திருந்தேன். அதற்கென்று தனியாக எதுவும் வாங்கவில்லை, கிடங்கில் எலிக்கு வைத்ததில் மிச்சம் இருந்தது. பாதித் தட்டு அல்வாவைக் கொட்டவேண்டியதாகிவிட்டது. அதுதான் மனசை உறுத்துகிறது.

ஆமாம், நான்தான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒன்று. அவர் போனது உங்களுக்கும் எனக்கும் என் தங்கைக்கும் மட்டும்தான் தெரியும். வெளியே தெரிந்தால் நாளைக்கே கடைகள் சாத்திவிடும், கஜானாவில் இருக்கிற நோட்டெல்லாம் அடுப்பெரிக்கத்தான் ஆகும்.

நீங்கள் உள்ளே வந்ததிலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கிறேன் கேப்டன். தாடிதான் இன்னும் ஒரு விரற்கடை வளரவேண்டும். அந்தப் பட்டுத் தலைப்பாகையை எடுத்து ஒரு தடவை வைத்துப் பாருங்களேன். தங்கையிடம் நான் பேசிக்கொள்கிறேன்.