வழுக்காத பூட்ஸ்

யாரைப் பார்த்தாலும் முதலில் காலைத்தான் பார்ப்பேன். தொழில் அப்படி. உங்கள் ஷூ குதிகாலில் உரசுகிறது, இன்ஸ்பெக்டர் மேடம். அடுத்த முறை அரை சைஸ் கூட்டி வாங்குங்கள்.

என் பெயர் இன்பராஜ். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் புராடக்ட் மேனேஜர். யாருக்கு என்ன பொருள், அது எப்படி இருக்க வேண்டும் என்று முடிவு செய்வது என் வேலை. வாங்குகிறவன் மனதில் அதைப் பதிய வைப்பது மார்க்கெட்டிங். முன்பு அந்த நாற்காலியிலும் இருந்தேன். இரண்டும் தெரிந்தவர்கள் அபூர்வம். பொருளை மட்டும் தெரிந்தவன் அதன் குறையையே நினைத்துக் குமைவான். ஜனங்களை மட்டும் தெரிந்தவன் பொய் சொல்லி மாட்டிக்கொள்வான். இரண்டும் தெரிந்தவனுக்குத்தான் எந்தக் குறையை யார் கவனிக்க மாட்டார்கள் என்று தெரியும்.

என் பழைய நாற்காலிக்கு வந்தவள் ஹெலன். வேலூர்ப் பெண், கெட்டிக்காரி. தோல் பதனிடும் டேனரியின் ஈரத் தரையில் நிற்பவர்களுக்காக ஒரு பூட்ஸ் செய்தோம். 'வழுக்காது' என்று ஒரே வார்த்தையில் விளம்பரம் எழுதினாள். அதற்குப் பிறகு செலவைக் குறைக்க அடிப்பாகத்து ரப்பரை மட்டமானதாக மாற்றினேன். அவளிடம் சொல்லவில்லை.

போட்டுப் பார்க்கக் கொடுத்த ஜோடியோடு கோதண்டராமன் என்ற தொழிலாளி சுண்ணாம்புத் தண்ணீரில் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்துவிட்டு ஹெலன் நேராக என்னிடம் வந்தாள்.

"அந்த வார்த்தைய எழுதினது நான் சார். எம்.டி.கிட்ட சொல்லி நிறுத்தப் போறேன்."

"நீயே ஒருதரம் போட்டு நடந்து பாத்துட்டு சொல்லேம்மா" என்றேன்.

நியாயமான பேச்சுதானே. ஒத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பேரணாம்பட்டு ரோட்டு டேனரியில் ஆளில்லை. செருப்பை வாசலில் விட்டு, பூட்ஸை மாட்டிக்கொண்டு, சுண்ணாம்புத் தண்ணீர் தேங்கிய தரையில் கைகளை விரித்தபடி நடந்தாள். வழுக்கியது. ஆனால் விழவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு, "பாத்தீங்களா சார்?" என்று திரும்பினாள்.

டிரம் மூடியை நெம்பும் இரும்புக் கம்பி கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. முதல் அடி காதோரம். உட்கார்ந்துவிட்டாள். காதைத் தொட்டு விரலைப் பார்த்தாள். "இன்னா சார்..." என்றாள். இரண்டாவது அடியில் நெற்றி உள்வாங்கியது. கால் உதைத்துக்கொண்டே இருந்ததால் மூன்றாவதும் தேவைப்பட்டது. தலையைச் சுண்ணாம்புத் தொட்டி விளிம்பில் சாய்த்து வைத்தேன்.

அதுவரை வெறும் வேலை. அப்புறம்தான் பழைய மார்க்கெட்டிங் மூளை விழித்தது. பூட்ஸைக் கழற்றிவிட்டு வாசலில் கிடந்த செருப்பை அவளுக்கு மாட்டினேன். சாதாரணச் செருப்போடு வந்தாள், வழுக்கி விழுந்தாள். சாவு வீட்டில் அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க செஞ்ச பூட்ஸ போட்டுனு போயிருந்தா எம்பொண்ணு பொழச்சிருப்பாளே சார்" என்று அழுதார். அதைவிட நல்ல விளம்பரத்தை நான் எழுதியதில்லை. அதே வாரம் ராணிப்பேட்டையிலிருந்து ஆர்டர் வந்தது.

நீங்கள் ஒருவர்தான் கேட்டீர்கள்: "வாசல்லேந்து தொட்டி வரைக்கும் நடந்து வந்த செருப்போட அடியில ஒரு பொட்டு சுண்ணாம்பு கூட இல்லியே, ஏன் சார்?" அந்தக் குறை எனக்கே தட்டுப்படவில்லை. இப்போதும் யோசிக்கிறேன்.

ஆமாம், நான்தான் கொன்றேன். எழுதிக்கொள்ளுங்கள். கூடவே இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: என்னையும் ஹெலனையும் போல ஒத்துப்போய் வேலை செய்த இரண்டு பேரை அந்தக் கம்பெனி பார்த்திருக்காது. எங்களுக்குள் ஒரு நாளும் மனஸ்தாபம் வந்ததில்லை.