ஊதாத கண்டக்டர்

“எங்க கண்டக்டரு எதையும் ஊத மாட்டாரு அத்தே.”

ராயபுரத்தில் ஏறி என் முன் சீட்டில் உட்கார்ந்த கல்லூரிப் பெண் இப்படிச் சொன்னதும், நான் பஸ் கண்டக்டரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் வாயில் விசில் இருந்தது.

“இன்னாடி சொல்ற?” என்றார் பக்கத்தில் இருந்த அத்தை.

பெண் மடியிலிருந்த கிளாரினெட் பெட்டியைத் தட்டினாள். “யூனிவர்சிட்டி பேண்டு கண்டக்டரு. எங்களுக்கு சொல்லிக் குடுக்கறதும் அவருதான். நாங்க ஊதுவோம், அவரு முன்னால நின்னுகினு கைய ஆட்டுவாரு.”

“கைய ஆட்டறதுக்கு ஒரு சம்பளமா?”

“நேத்து விழாவுல நான் அவசரப்பட்டு முன்னாடியே ஊதிட்டேன். நான் மட்டும் தனியா. எதிர்ல அத்தினி பேரு. உயிரே பூட்ச்சு.”

“திட்னாரா?”

“மூஞ்சி கூட மாறல. எடது கைய இப்டி வீசி, மத்தவங்க அல்லாரையும் எங்கூட இட்டுகினு வந்துட்டாரு. கேட்டவங்களுக்கு ஒண்ணியும் தெரியல.”

“அப்பால?”

“‘அடுத்த வாட்டி கெளம்பும்போது என்னையும் கூட்டிட்டுப் போம்மா’ன்னாரு. அவ்ளோதான்.”



டோல்கேட் ஸ்டாப் வந்தது. இருவரும் எழுந்தார்கள். கண்டக்டர் விசில் ஊதினார். பஸ் நிற்கவில்லை. கன்னம் உப்ப மறுபடி ஊதினார். ஸ்டாப்பைத் தாண்டி, வழியை அடைத்து நின்ற கண்டெய்னர் லாரிக்குப் பின்னால்தான் பஸ் நின்றது.

அத்தை படியில் இறங்கிக்கொண்டே சொன்னார்: “இவரு இந்த ஊது ஊதியும் ஒரே ஒரு டிரைவரு கேக்கல. உங்காளுக்கு சம்பளம் குடுக்கலாம்டி.”