நாலு சதவீத ஈரம்

இந்த நாற்காலியை வாங்கியவர் யார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஒரே கடையில் கேட்டு, சொன்ன விலைக்கு வாங்கியிருக்கிறார் என்று அடித்துச் சொல்வேன். ஒரு கால் குட்டை. நான் ஆடிக்கொண்டே பேசினால் பதற்றத்தில் ஆடுகிறேன் என்று எழுதிவிடாதீர்கள். ஒரு பழைய தாள் இருந்தால் கொடுங்கள், மடித்துக் காலுக்கு அடியில் வைத்துக்கொள்கிறேன். நன்றி.

என் தொழில் அப்படி. ஜிப்சம் பலகை செய்யும் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடமாகக் கொள்முதல் வேலை, அதில் கடைசி ஒன்பது வருடம் மேலாளர். குண்டூசியிலிருந்து கிரேன் வரை என் கையெழுத்து இல்லாமல் கேட்டுக்குள் நுழையாது. எதையும் மூன்று இடத்தில் விலை கேட்காமல் வாங்கமாட்டேன். 'மூணு கொட்டேஷன்' என்று முதுகுக்குப் பின்னால் எனக்குப் பெயர். சிலர் முகத்துக்கு நேரேயும் சொல்வார்கள். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

என் தங்கையின் கணவர் இறந்ததைப் பற்றித்தானே கேட்கிறீர்கள், வருகிறேன். அதற்கு முதலில் தங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் அப்பாவும் அம்மாவும் ஒரே வருடத்தில் போய்விட்டார்கள். அப்போது அவளுக்கு ஏழு வயது, எனக்குப் பத்தொன்பது. அன்றிலிருந்து எல்லாவற்றையும் என்னிடம்தான் கேட்பாள். எந்தச் செருப்பு வாங்கலாம், எந்தப் படிப்பு படிக்கலாம், இந்தத் தோழியை நம்பலாமா என்று. காலையில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "அண்ணா, இன்னிக்கு மழை வருமா?" என்பாள். நான் வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்துவிட்டு வந்து சொல்வேன். ஒரு நாளும் தெரியாது என்று சொன்னதில்லை. தெரியாதபோதும் சொல்லியிருக்கிறேன். பாதி நாள் நனைந்துகொண்டு வருவாள், மறுநாள் மறுபடியும் கேட்பாள். அந்தக் கேள்வி ஒன்று போதும் எனக்கு, அன்றைய பொழுது ஓடிவிடும்.

அவளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதும் மூன்று பேரைப் பார்த்தேன். பட்டியல் போட்டு, மதிப்பெண் போட்டு, எங்கள் தொழிற்சாலைப் பராமரிப்புப் பிரிவின் மேற்பார்வையாளரைத் தேர்ந்தெடுத்தேன். நல்ல மனிதர். இதை நீங்கள் அடிக்கோடிட்டே எழுதிக்கொள்ளலாம். குடி கிடையாது, கோபம் கிடையாது, சிரித்தால் வாய் நிறையச் சிரிப்பார். என் தேர்வில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

திருமணமாகி நாலாவது மாதம் அவர்கள் ஒரு வாஷிங் மெஷின் வாங்கினார்கள். தெருமுனையில் இருந்த கடைக்குள் போய், முதலில் கண்ணில் பட்டதை, ஒட்டியிருந்த விலைக்கே வாங்கிவிட்டார்கள். அவர்கள் வீட்டுக்குப் போனால் குளியலறை வாசலில் அது நிற்கிறது. இத்தனை வருடமாக வாங்குவதையே பிழைப்பாக வைத்திருக்கிற அண்ணன் நான் இங்கே இருக்கிறேன். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று சிரித்துக்கொண்டேதான் கேட்டேன். "அவர்கிட்ட கேட்டேன், நல்லா இருக்குன்னாரு, வாங்கிட்டோம்ணா" என்றாள். அதற்குப் பிறகு எதைச் சொன்னாலும் ஒரே பதில். "எதுக்கும் அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்." எனக்கு எரிந்தது. அதை மறைப்பானேன்? ஆனால் ஒரு வாஷிங் மெஷினுக்காகச் செய்தேன் என்று எழுதினால் என்னைச் சின்னப்புத்திக்காரன் ஆக்கிவிடுவீர்கள். நான் ஐந்து வருடம் பொறுத்திருந்தேன்.

இனி இயந்திரத்துக்கு வருவோம். லாரியில் வருகிற ஜிப்சம் என்ற வெள்ளைத் தூளை ஒரு ஹாப்பரில் கொட்டுவோம். ஹாப்பர் என்றால் இரும்பில் செய்த மாபெரும் புனல், அவ்வளவுதான். அடியில் பெல்ட் ஓடும், சரக்கு அதில் விழுந்து உள்ளே போகும். உலர்ந்த ஜிப்சம் சர்க்கரை மாதிரி இறங்கும். நனைந்துவிட்டால் பிசைந்த மாவுதான். சுவரில் அப்பிக்கொள்ளும், மேலே கூரை போலக் கட்டிக்கொண்டு கீழே வெற்றிடம் விட்டுவிடும். எங்கள் சரக்கு திறந்த வெளியில் கிடப்பது. மழைக்காலத்தில் பதினாலு சதவீதம் ஈரம் இருக்கும்.

பழைய ஹாப்பர் சின்னது. அடைத்துக்கொண்டால் மாப்பிள்ளை நீளக் கம்பியோடு தானே உள்ளே இறங்கிக் குத்திவிடுவார். ஆள் உள்ளே இறங்கவே கூடாது என்று கொட்டை எழுத்தில் பலகை தொங்கும். அதற்கு நேர் கீழே நின்றுதான் இறங்குவார். வேலையாட்களை அனுப்பக் கூடாதா என்று ஒருமுறை கேட்டேன். "பசங்கள இறக்கி விட்டுட்டு நான் மேல நின்னு வேடிக்கை பாக்கச் சொல்றீங்களா மச்சான்?" என்றார். அந்த பதிலை நான் மறக்கவில்லை.

உற்பத்தி பெருகியதும் பெரிய ஹாப்பர் வாங்க உத்தரவு வந்தது. ஆறு ஆள் உயரம். இதெல்லாம் கடையில் தொங்குகிற சட்டை அல்ல, அளவெடுத்துத் தைப்பது. வாங்குகிறவர் தன் சரக்கில் இரண்டு மூட்டை அனுப்ப வேண்டும், கூடவே ஒரு படிவம் நிரப்பித் தர வேண்டும். அவற்றை வைத்துத்தான் சுவர் எவ்வளவு சரிவு என்று செய்கிறவர்கள் தீர்மானிப்பார்கள். ஈரச் சரக்கு என்றால் சுவர் செங்குத்தாக இருக்கும், வெளியிலிருந்து உலுக்கிவிட மோட்டார் இருக்கும், வெளியே நின்றே கம்பி விட்டுக் குத்த ஜன்னல்கள் இருக்கும். உலர் சரக்குக்கு இதெல்லாம் எதற்கு?

சரக்குக் குவியலின் அடியிலிருந்து இரண்டு மூட்டை எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மொட்டை மாடியில் தார்ப்பாய் விரித்து மூன்று நாள் வெயிலில் காயவைத்தேன். மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. தங்கையும் மாப்பிள்ளையும் சாப்பிட வந்திருந்தார்கள். "என்னண்ணா, மாவு வியாபாரம் ஆரம்பிச்சிட்டியா?" என்று சிரித்தாள் அவள். பார்சல்காரனுக்குத் தண்ணீருக்கும் சேர்த்து எடைக்கூலி கொடுக்க வேண்டுமா என்றேன். என்னை அறிந்தவர்களுக்கு அந்தக் காரணம் போதும். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

மாப்பிள்ளை மட்டும் ஒரு பிடி அள்ளி விரலிடுக்கில் விட்டுப் பார்த்தார். "மழைக்காலத்துல இப்படி இருக்காதே மச்சான்?"

"அதைப் படிவத்துல எழுதிடுவேன் மாப்பிள்ளை. அதுக்குன்னு தனிக் கட்டம் இருக்கு."

"நீங்க பாத்துக்கிட்டா சரி."

தங்கை கோணி ஊசியால் மூட்டைகளின் வாயைத் தைத்துக் கொடுத்தாள். மாப்பிள்ளை இரண்டையும் தோளில் வைத்துப் படியிறங்கினார்.

நான் சொன்னபடி எழுதினேன். ஈரம் என்ற கட்டத்தில் நாலு என்று எழுதினேன். இயந்திரம் செய்கிற இடத்திலிருந்து ஒரு பொறியாளர் தொலைபேசியில் அழைத்தார், அக்கறையான குரல். "சார், திறந்த வெளியில கிடக்கிற சரக்குன்னு கேள்விப்பட்டேன். நாலுதானா?" நாலுதான் என்றேன். மேலே கொட்டகை போடப்போகிறோம் என்றும் சேர்த்துக்கொண்டேன். மோட்டாரும் ஜன்னல்களும் வரைபடத்திலிருந்து போயின. அதன் பிறகு வரைபடத்தில் எங்கள் பக்கம் எட்டுப் பேர் கையெழுத்துப் போட்டார்கள். எட்டுப் பேரும் கடைசிப் பக்கத்தில் இருந்த விலையை மட்டும் கவனமாகப் படித்தார்கள்.

அனுப்புவதற்கு முன் ஓட்டிக் காட்ட அழைத்தார்கள். மாப்பிள்ளையும் நானும் போனோம். அகலமான பட்டறை, தேநீர், பிஸ்கட், தலைக்கு மஞ்சள் தொப்பி. எங்கள் இரண்டு மூட்டையையும், அதே பதத்தில் அவர்கள் சேர்த்துவைத்திருந்த இருபது மூட்டையையும் கொட்டினார்கள். சர்ரென்று இறங்கியது. எல்லோரும் கைதட்டினார்கள். மாப்பிள்ளை இரும்புச் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "இனிமே உள்ள இறங்குற வேலையே இல்ல மச்சான். உங்க தங்கச்சி நிம்மதியாத் தூங்குவா." அவர் சந்தோஷம் எனக்கும் தொற்றிக்கொண்டது. திரும்பும் வழியில் ரயிலில் சீட்டாடினோம், அவரை ஜெயிக்கவிட்டேன்.

கோடையில் வந்து இறங்கிய இயந்திரம் ஐந்து மாதம் அருமையாக ஓடியது. முதலாளி என்னைக் கூட்டத்தில் எழுப்பி நிற்கவைத்துப் பாராட்டினார். கொட்டகை மட்டும் எழும்பவில்லை. நான் தினமும் காலையில் வாசலுக்குப் போய் வானத்தைப் பார்ப்பேன். பழைய பழக்கம்தான்.

மழை தொடங்கிய மூன்றாம் நாள், காலை பதினொரு மணிக்கு அடைத்துக்கொண்டது. நான் கையுறைக்குக் கொட்டேஷன் ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவர் வழக்கம்போல யாரையும் அனுப்பாமல் இறங்கினார். மேலே கட்டியிருந்த ஈரக் கூரை அவரோடு சேர்ந்து இறங்கிவிட்டது. தோண்டி எடுக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. எனக்குத் தகவல் வந்தபோது கையுறையில் எது மலிவு என்று முடிவு செய்திருந்தேன், அதை எழுதி வைத்துவிட்டுத்தான் எழுந்தேன்.

விசாரணை நடந்தது. படிவத்தை எடுத்துப் பார்த்தார்கள். பதினாலில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது, கை தவறிவிட்டது என்றேன். அழுதேன், நிஜமாகவே அழுகை வந்தது. எச்சரிக்கைக் கடிதம் ஒன்று கொடுத்தார்கள். கை தவறவில்லை என்பது உங்களுக்கு இப்போது புரிந்திருக்கும். கத்தி வாங்கினால் கடைக்காரன் முகத்தை ஞாபகம் வைத்துக்கொள்வான். நான் அவரைக் கொல்வதற்கு ஒரு ஹாப்பர் வாங்கினேன், முறைப்படி, மூன்று கொட்டேஷனோடு.

தங்கை என் வீட்டுக்கே திரும்பி வந்தாள். அவளுடைய பழைய அறையை வெள்ளையடித்து வைத்திருந்தேன். ஆனால் எதுவும் கேட்கமாட்டேன் என்றாள். வாயால் சொல்லவில்லை, கேட்காமலே இருந்தாள். என்ன சமைக்கலாம் என்று நான் கேட்டால் "ஏதாவது" என்பாள். எந்தப் புடவை என்றால் "இருக்கிறது போதும்." எட்டு மாதம். அந்த எட்டு மாதம் நான் பட்ட பாட்டை இங்கே யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

போன செவ்வாய்க்கிழமை துணி காயப்போட மாடிக்குப் போனாள். தரையில் தார்ப்பாயின் ஓரம் பட்ட இடத்தில் ஒரு வெள்ளைக் கோடு இறுகிப்போய்க் கிடக்கிறது, எவ்வளவு தேய்த்தாலும் போகாது. கீழே வந்து என் எதிரே உட்கார்ந்தாள்.

"அண்ணா, அன்னிக்கு மாடியில அதை எதுக்குக் காயவச்ச?"

ஆறு வருடம் கழித்து என்னிடம் உண்மையாகவே ஒன்று கேட்டாள். பார்சல் கூலி என்று மறுபடி சொல்லியிருக்கலாம், நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு, சின்ன வயதில் கேட்கிற மாதிரியே உட்கார்ந்திருந்தாள். எப்படி அரைகுறையாகச் சொல்வது? எல்லாவற்றையும் சொன்னேன். சரிவு, மோட்டார், நாலு, பதினாலு, ஒன்றையும் விடாமல். புரியாத இடத்தில் தாள் எடுத்து வரைந்தும் காட்டினேன். முடித்ததும் அந்தத் தாளை மடித்து எடுத்துக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். அந்தத் தாள் இப்போது உங்கள் கோப்பில் இருக்கிறது, பார்த்தேன்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும்? போடுகிறேன். அதற்கு முன் ஒன்று. அவள் தனியாக வீடு பார்க்கிறாள் என்று வெளியே நின்ற காவலர் சொன்னார். அவளுக்கு வீடு பார்க்கத் தெரியாது, முதலில் காட்டுகிற வீட்டுக்கே முன்பணத்தை நீட்டிவிடுவாள். குறைந்தது மூன்று வீடாவது பார்க்கச் சொல்லுங்கள். நேற்று உங்களிடம் வெகுநேரம் பேசினாளே, பேச்சுவாக்கில், எதுக்கும் அண்ணாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன் என்று ஏதாவது சொன்னாளா?