எட்டு முழ மெத்தை

— ஒய்தின், ஊசியக் கீழ வை. இந்த மெத்தை எட்டு முழம் வருதுடி.

— எட்டுதான் அக்கா. நீங்க தைங்க.

— என்னத்த எட்டுதான்! உன் பொண்ணு வாழ வரப்போற என் வீட்டு அறை ஆறு முழம். மிச்சம் ரெண்டு முழம் வாசலத் தாண்டி முற்றத்துல போய்க் கிடக்கும். அதுல யாரு உக்கார்றது, என் கோழிங்களா?

— கோழி எதுக்கு உக்காருது.

— சிரிக்காதே. மூணு நாளா ரெண்டு பேரும் குச்சியால அடிச்சு அடிச்சு மேகம் மாதிரி ஆக்கி வெச்ச பஞ்சு. தோள்பட்டை இன்னும் கழண்டு விழுது எனக்கு. இந்தத் திராட்சப் பந்தலுக்குக் கீழ, இந்த மாசக் காத்துல உக்காந்து தைக்கிற சொகம் ராஜாவுக்குக்கூடக் கிடைக்காது. அதனால போனாப் போகுது, உன்னைத் திட்டல. ரெண்டு வரிதான் ஓட்டியிருக்கோம். வா, பிரிச்சிடலாம்.

— பிரிக்க வேண்டாம்க்கா. நான் அளந்துதான் வெட்டினேன்.

— எதை அளந்தே? முந்தின வருஷம் நவ்ரூஸ் பண்டிகை முடிஞ்சு மறுவாரம் கயிறு எடுத்துக்கிட்டு நீயேதானே வந்தே? என் வடக்குச் சுவர் ஓரமா முட்டி போட்டு நகந்து நகந்து போனே. ஆறு முழத்துல முடிச்சு வேற போட்டே.

— போட்டேன். இது வேற சுவர்.

— எந்தச் சுவர்?

— வேற வீட்டுச் சுவர்க்கா. கோனிபோதோம் ஊர்ல. அப்பா வாத்தியாரு, பையன் மின்சார வேலை செய்யறான். இந்த வாரம் போய் அறைய அளந்துட்டு வந்தேன்.

— ஒய்தின்... நீ வெளையாடறே.

— இல்லக்கா.

— நிச்சயத்துக்கு ரொட்டி பிட்டோமேடி! ரெண்டு ரொட்டி, என் கையால சுட்டது, வெள்ளைத் துணியில சுத்திக் கொண்டாந்தேன். உன் மாமனாரு பிட்டாரு. தெருவே தின்னுச்சு. ரொட்டி பிட்ட பொண்ணை இன்னொரு வீட்டுக்கு எவளாவது அனுப்புவாளா?

— அனுப்ப மாட்டாங்க. நான் அனுப்பறேன்.

— என் தலையில மண்ணை அள்ளிப் போட்டுட்டியே! "முதல் தையல் நீங்கதான் போடணும் அக்கா, உங்க கை ராசி"ன்னு தேனா பேசிக் கூப்பிட்டியே. என் மருமகளை அடுத்தவன் வீட்டுக்கு அனுப்பற மெத்தைக்கு என் கையாலயே தையல் போட வெச்சியே. இது நெஞ்சா, அம்மிக்கல்லா?

— டீ ஊத்தவா?

— உன் டீயில இடி விழ! எப்ப முடிவாச்சு இது?

— ஒரு மாசம் ஆச்சு.

— ஒரு மாசமா! போன வாரந்தானே தக்காளி ஊறுகா போட்டோம்? இதே அடுப்பு முன்னாடி, வெந்தயக்கீர வாசமும் புகையுமா. நான் மூடி திருகினேன், நீ புட்டியக் கவுத்து வெச்சே. சம்பந்திங்க ரெண்டு பேரும் சேந்து ஊறுகா போட்டா குளிர்காலம் பூரா கெடாதுன்னு நான் சொன்னேன். நீ சிரிச்சே! அப்பக்கூட ஒரு வார்த்த சொல்லலியே. பாம்புக்காவது சீறத் தெரியும்.

— நீங்க சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டிருந்தேன்.

— நான் என்னத்தச் சொல்ல?

— பக்தோவர் எப்படி இருக்கான்?

— பேச்ச மாத்தாதே. நல்லா இருக்கான். என் புள்ள ரஷ்யாவுல பனியில நின்னு செங்கல் தூக்கறான். யாருக்காக? உன் பொண்ணுக்காக. போன் பண்ணினா என் சவுக்கியத்தக்கூட அப்புறம்தான் கேப்பான். மிஜ்கோனா எப்படி இருக்கான்னுதான் மொதல்ல.

— கடைசியா எப்பக் கேட்டான்?

— இது என்ன, போலீஸ் விசாரணையா?

— சொல்லுங்கக்கா. எப்ப?

— ...வேலை அதிகம் அவனுக்கு.

— உங்க கொழுந்தன் மகன் நோசிம் ரஷ்யாவுலேர்ந்து வந்தானே, அவன் தங்கச்சி கல்யாணத்துக்கு. பொண்ணுங்க கூட்டத்துல போனத் திறந்து போட்டோ காட்டினான். பனியைக் காட்டினான், காரைக் காட்டினான். அப்படியே விரல் தள்ளினதுல ஒண்ணு வந்துச்சு. பக்தோவர், பக்கத்துல மஞ்ச முடியா ஒரு பொண்ணு, அவன் மடியில ஒரு பையன். பல்லு நாலு மொளச்சிருக்கு.

— கூட வேலை செய்யறவ குடும்பமா இருக்கும். அங்க ஒரே வீட்டுல பத்துப் பேரு...

— அக்கா. அந்தக் கொழந்த மூக்கு உங்க மூக்கு.

— நூலு சிக்கிக்கிச்சு. கத்திரிய எடு.

— திட்டுங்க. இவ்வளவு நேரம் மூச்சு விடாமத் திட்டினீங்களே.

— ரொட்டி பிட்டப்ப எனக்குத் தெரியாது ஒய்தின். குரான் மேல சத்தியம். போன குளிர்காலத்துல கொழந்த பொறந்தப்புறம்தான் அழுதுக்கிட்டே சொன்னான்.

— குளிர்காலம். இப்ப திராட்ச பழுத்துடுச்சு.

— சொன்னா நீ பொண்ணைத் திருப்பிக்குவே. இவ இங்க காத்துக்கிட்டிருந்தா என்னைக்காவது ஒருநாள் அவன் திரும்பி வந்துடுவான்னு நெனச்சேன். அந்த ஊர்ல அவன் கரைஞ்சு போயிட்டான்னா எனக்கு யாருடி இருக்கா? ஒரே புள்ள. பெத்த வயிறு, சொல்லத் தெரியல எனக்கு.

— நானும் பெத்தவதான்க்கா. உங்க புள்ளய இழுக்க என் பொண்ணை முளையில கட்டினீங்க. அவன் வரவே இல்லன்னா? அந்த ஆறு முழ அறையில அவ உக்காந்து உங்களுக்கு டீ ஊத்திக்கிட்டே கெழவியாயிருப்பா.

— தப்புதான். காறித் துப்பு, தொடச்சிக்கறேன்.

— துப்பணும்னா எப்பவோ துப்பியிருப்பேன். இந்த ஊருக்கு வாழ வந்த நாள்லேர்ந்து எனக்குக் கூடப் பொறந்தவ நீங்க ஒருத்திதான். எட்டு முழத்த உங்க கையில குடுத்தா, நீளத்தப் பாத்ததுமே வெக்கப்பட்டாவது வாயத் திறப்பீங்கன்னு நம்பினேன். நீங்க என்கிட்ட ரொட்டிக் கணக்குக் கேட்டீங்க. அதுதான்க்கா வலிக்குது.

— ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். மிஜ்கோனாவுக்கு மட்டும் தெரிய வேண்டாம். அவ என்னைப் பாக்கற பார்வைய எடுத்துடாதே. ராசி பாத்தோம், பொருந்தல, அப்படி எதையாவது சொல்லிக்கலாம். உன் கால்ல விழறேன்.

— மிஜ்கோனா! இங்க வாம்மா.

— கூப்பிடாதேன்னு சொல்றேன்ல!

— வந்துட்டேன்ம்மா. அத்தை, ஏன் முகம் வெளுத்திருக்கு? டீ எடுத்துக்குங்க.

— கண்ணு... உங்கம்மா யாரோ காட்டுன போட்டோவப் பத்தி என்னென்னமோ சொல்றா. நம்பாதே. எவனோ ஒருத்தன் கொழந்த அது. எனக்கு ஒண்ணுமே தெரியாது.

— போட்டோவ மொதல்ல பாத்ததே நான்தான் அத்தை. கொழந்த தலையில ஒரு தொப்பி இருந்துச்சு. குளிர்காலத்துல உங்க தங்கச்சி பேரனுக்குன்னு சொல்லி, நாப்பது நாள் என்னைப் பக்கத்துல உக்கார வெச்சு, நீங்க என் கையாலயே பூப்போட்டு வாங்கின தொப்பி.