இரண்டாவது மூட்டு

— ஊத்தாதீங்க மச்சான், பொறுங்க. பம்புக்கு மட்டும்தான் கறண்ட் போகுதெண்டு இன்னொருக்காப் பாக்கணும்.

— மூண்டு தரம் பாத்திட்டாய், யசோ.

— நாலாந்தரமும் பாப்பன். போர்டுக்குப் போற வயர் கழட்டியாச்சு. படம் செய்யிற கார்டுக்குப் போற வயரும் கழட்டியாச்சு. மிச்சம் பம்புதான். சரி, இப்ப ஊத்துங்க. மெல்ல.

— எங்கட டயர் கடையில ட்யூப்பைத் தண்ணிக்குள்ள அமத்திப் பாப்பம். நீ என்னெண்டா கம்ப்யூட்டருக்குள்ள தண்ணிய ஊத்திப் பாக்காய்.

— சிரிப்புக் காட்டாதீங்க, சிந்தப்போகுது.

— சிந்தாது.

— போதும், நிப்பாட்டுங்க. சுவிச்சைப் போடுறன்.

— ஓடுது. குழாய்க்குள்ள முட்டை முட்டையா வருது, பார்.

— அது காத்து. பெட்டியைக் கொஞ்சம் சரிச்சுப் புடிங்க, வெளியால போகும். ஆ, அப்பிடித்தான். இந்தத் தகரக் கூரைக்குக் கீழ காத்தாடியால ஒண்டும் ஏலா. படம் பாதிக்கு வரக்குள்ள சூடு தொண்ணூறுக்கு ஏறி மிஷின் நிண்டு போகுது. ரெண்டு தரம் நிண்டிட்டு. தண்ணி ஓடினா நிக்காது.

— உங்கட கந்தோர் நல்லரத்தினம் ஐயாவுக்குப் படத்தை எப்ப அனுப்பணும்?

— நாளைக்கு மத்தியானம் பன்னெண்டுக்கு. அந்தப் புது ஹோட்டலைக் காட்டுற கம்ப்யூட்டர்ப் படம் முழுசா. அதைப் பாத்திட்டுத்தான் என்னை நிரந்தரமா எடுக்கிறதா இல்லையா எண்டு கொழும்புக் கந்தோரில முடிவெடுப்பாங்க. பத்து மணித்தியாலம் நிக்காம ஓடணும், மச்சான்.

— கார்ட் கந்தோர்ட தானே?

— ஓம். என்னை நம்பித் தந்தது. அதுட காத்தாடியக் கழட்டிப்போட்டுத் தண்ணி ஓடுற செப்புத் தட்டுப் பூட்டப் போறனெண்டு நான் அவர்ட்டச் சொல்லல்ல. அதாலதான் எனக்குப் பயம். கழட்ட முந்தி ஒருக்காப் போட்டுப் பாப்பமெண்டன், நீங்கதான் விடல்ல.

— நல்லா ஓடின சாமானை என்னத்துக்குப் போட்டுப் பாக்க? நேரம் போகுமெண்டுதான் சொன்னன்.

— எனக்கு எல்லாம் ஒழுங்கா நடக்கணும். விடுங்க. குழாய் மூட்டெல்லாத்துக்கும் கீழ தாள் வச்சிருக்கன். ஒவ்வொண்டாத் தொட்டுச் சொல்லுங்க. முதலாவது?

— காஞ்சிருக்கு.

— ரெண்டாவது? மச்சான், கேக்கிறன். ரெண்டாவது?

— ஈரம்.

— உங்கட விரல்ல வேர்வையா இருக்கும்.

— வேர்வையில்ல, யசோ. சொட்டுது. கார்டுக்கு மேல.

— சுவிச்சை நூருங்க, பம்ப் நிக்கட்டும். தேய்க்காதீங்க, தேச்சா உள்ளுக்குப் போகும். ஒத்தி எடுங்க.

— சரியா நனைஞ்சிட்டு. தோஞ்சிட்டு எண்டே சொல்லலாம்.

— பெருப்பிச்சுச் சொல்லாதீங்க. நாலு சொட்டு. கார்டில கறண்ட் இல்ல. ஊத்தினதும் கிணத்துத் தண்ணியில்ல, பற்றரிக்கு ஊத்துற வடிச்ச தண்ணி. காஞ்சா ஒண்டுமில்ல.

— தண்ணி தண்ணிதான். பட்டா என்ன நடக்குமெண்டு ஆருக்குத் தெரியும்?

— எனக்குத் தெரியும். இஞ்ச பாருங்க, வாஷர் முறுகிக் கிடக்கு. இது என்ட பிழை. இதை மட்டும் நான் அவசரத்தில பூட்டினநான்.

\* \* \*

— மூண்டு மணித்தியாலம் காத்தாடிக்கு முன்னால கிடந்திட்டு, மச்சான். புது வாஷர் போட்டு ஒரு மணித்தியாலம் பம்பையும் ஓட விட்டுப் பாத்திட்டன். எல்லாத் தாளும் காஞ்சிருக்கு. வயர் எல்லாம் கொழுவியாச்சு. போடுறன்.

— இன்னும் கொஞ்சம் காயட்டன்.

— போதும்.

— நாளைக்குப் போடுவமே, புள்ள.

— நாளைக்குப் பன்னெண்டுக்குப் படம் அனுப்பணும், நீங்க நாளைக்குப் போடச் சொல்றீங்க. தள்ளுங்க அங்கால. ஆ, லைட் பத்துது. பம்ப் ஓடுது.

— ஸ்கிரீன் இருட்டாக் கிடக்கு.

— தெரியுது. பொறுங்க, கேபிளை மாத்திப் போர்டில குத்திப் பாக்கிறன். இதில படம் வருது. அப்ப மிஷின் சுகம். கார்டில குத்தினா இருட்டு. கார்ட் ஒண்டு இருக்கெண்டே மிஷினுக்குத் தெரியல்ல.

— நான் சொன்னனே, தண்ணி.

— தண்ணியால ஏலா. கறண்ட் இல்லாத சாமானை நாலு சொட்டுத் தண்ணி கொல்லாது. அப்ப என்ட கைதான். செப்புத் தட்டை மிச்சம் இறுக்கிட்டன் போல. நாலு ஸ்குரூவையும் குறுக்குக்குக் குறுக்கு, கால் கால் திருப்பாத்தானே இறுக்கினநான். எங்க பிழை விட்டன், மச்சான்? நீங்க பக்கத்திலதானே நிண்டீங்க, எங்க பிழைச்ச?

— விடு, யசோ. முதல்தரம் செய்யிறாய். பழகக்குள்ள ஒண்டு ரெண்டு பழுதாகத்தான் செய்யும்.

— என்ட சாமானெண்டா அப்பிடி நினைப்பன்.

— அவங்களுக்கு ஒரு கார்ட் பெரிய காரியமா? வாவிக் கரை, உப்புக் காத்து, தின்னிட்டு எண்டு சொல்லு. கொழும்பில இருக்கிறவங்களுக்கு விளங்கவா போகுது?

— மூண்டு மாசமாத் தின்னாத உப்புக் காத்து, நான் கை வச்ச அண்டைக்கா தின்ன? முந்தநாள் வரைக்கும் சித்தாண்டியில எங்கட அம்மா வீட்ட நிண்டன். நேற்று வந்தன். இண்டைக்குக் கழட்டினன், செத்திட்டு. வேற என்ன கணக்கு இதில?

— ஆருக்கு இப்ப போன் எடுக்காய்?

— நல்லரத்தினம் ஐயாவுக்கு. கேக்காமக் கழட்டினநான், பழுதாக்கிட்டன், வேலைக்கு வேற ஆளைப் பாருங்க எண்டு சொல்லப்போறன்.

— வேலைய விடவா போறாய்? இவ்வளவு பாடுபட்டுப் படிச்சுப்போட்டு?

— விடாம? உங்கட அம்மா கேட்டாவே, பொம்புளைக்கு என்னத்துக்குகா ஸ்குரூ டிரைவர் எண்டு. அவ கேட்டது சரி. நான்தான் பெரிய ஆளெண்டு நினைச்சிட்டன்.

— அம்மாட கதையை விடு. போனைத் தா.

— ரிங் போகுது.

— யசோ, சொல்றதைக் கேள். வை அதை.

— கையை விடுங்க, மச்சான். பிழை செய்தவள் தன்ட வாயாலதான் சொல்லணும். எடுத்திட்டார். ஹலோ ஐயா, யசோதினி கதைக்கிறன், ஆரையம்பதியால. ஓம் ஐயா, சுகம். ஒரு விசயம் சொல்லணும். உங்கட கார்டை நான்…

— போனை வை, யசோ. நீ பழுதாக்கல்ல. செவ்வாய்க்கிழம நீ சித்தாண்டியில நிக்கக்குள்ள, சூடு குறையட்டும், தூசிய ஊதி விடுவமெண்டு டயருக்குக் காத்தடிக்கிற கடைக் கொம்பிரசரைக் கொண்டுவந்து கார்டுக்குள்ள புடிச்சது நான். அண்டைக்கே கார்ட் செத்து ஸ்கிரீன் இருட்டாப் போயிட்டு.